மிரிஸ்ஸவுக்கு வெளியே கப்பல் பாதை: வேட்டைதான் நின்றுவிட்டதே, திமிங்கிலம் ஏன் இன்னும் சாகிறது?

அலைமகள்_மட்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பெப்ரவரி கடைசியில் அலுவலகத்து ஆட்களோடு இலங்கையின் தெற்குக் கரையில் இருக்கும் மிரிஸ்ஸ போய்ப் படகில் திமிங்கிலம் பார்த்தோம். வந்தவர்களில் பாதிப்பேர் வாந்தியும் தலைச்சுற்றலுமாய்ப் படுத்துவிட்டார்கள். நிமிர்ந்து நின்ற மிச்சப் பேர் ஒரு நீலத் திமிங்கிலத்தை நன்றாகவே பார்த்தோம். ஊதியது, முதுகு முடியவே முடியாததுபோல் வழுக்கிக்கொண்டு போனது, பிறகு வாலைத் தூக்கி உள்ளே இறங்கிவிட்டது.

எனக்கு அதைவிட மனதில் நின்றது அதற்குப் பின்னால் தெரிந்த காட்சி. திமிங்கிலம் இறங்கிய திசையிலேயே ஒரு கொள்கலன் கப்பல், அதன் பின்னால் ஒரு எண்ணெய்க் கப்பல், தூரத்தில் இன்னும் இரண்டு. படகுக்காரரிடம் கேட்டபோது, "அதுதான் கப்பல் போற பாதை. ராத்திரி வலை போடப் போனா எங்களுக்கே பயம்" என்று சிங்களத்தில் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் படித்தது, திமிங்கில வேட்டையை எண்பதுகளிலேயே உலகம் முழுக்கத் தடைசெய்துவிட்டார்கள் என்று. இந்து சமுத்திரம் முழுவதும் திமிங்கிலங்களுக்கான சரணாலயம் என்றும் எங்கேயோ வாசித்திருக்கிறேன். அப்படியானால் இந்தக் கப்பல்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்ல அந்தச் சர்வதேச ஆணையத்தால் முடியாதா? யார் சொன்னால் கப்பல்கள் கேட்கும்? ஒரு பெரிய நிறுவனம் தானாகவே பாதையை மாற்றிக்கொண்டது என்றும் ஒருவர் சொன்னார், அது உண்மையா? கப்பலில் வேலை செய்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

குமரிக்காரன்

கப்பலை அப்புறம் பார்க்கலாம், வேட்டையே இன்னும் நிற்கவில்லையே? சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982இல் ஓட்டெடுத்து, 1985-86 பருவத்திலிருந்து வணிக வேட்டையை நிறுத்தியது. நார்வே அன்றைக்கே ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டு இன்றுவரை பிடிக்கிறது. ஜப்பான் பல வருடம் "ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொண்டு அண்டார்டிகா வரை போய்ப் பிடித்தது. ஆஸ்திரேலியா வழக்குப் போட்டு, 2014இல் சர்வதேச நீதிமன்றம் அந்த அனுமதிகள் ஆராய்ச்சிக்கானவை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2019 ஜூன் 30ஆம் தேதி ஜப்பான் ஆணையத்தை விட்டே வெளியேறி, தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கிவிட்டது. 2024இல் பிடித்த திமிங்கிலத்தைக் கடலிலேயே பதப்படுத்தும் புதிய தாய்க்கப்பலும் விட்டாயிற்று.

நம் ஊரில் திமிங்கிலம் பேப்பரில் வருவதே அம்பர்கிரீஸ் (திமிங்கிலத்தின் குடலில் உருவாகும், வாசனைத் திரவியத்துக்கு விலைபோகும் பொருள்) கடத்தி யாராவது மாட்டினால்தான். சட்டம் இருக்கிறது, கேட்கிற நாடு கேட்கும், கேட்காத நாடு கேட்காது. அவ்வளவுதான்.

செகண்ட்மேட்_தூத்துக்குடி

குமரிக்காரன் சொன்ன தகவல்கள் சரிதான், ஆனால் மிரிஸ்ஸவில் சகோதரி பார்த்த திமிங்கிலத்துக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தமில்லை. அதைக் கொல்லப்போவது என்னைப் போன்ற ஒருவன் ஓட்டும் கப்பல்.

நான் பல்க் கேரியரில், அதாவது நிலக்கரி, தானியம்போல் மொத்தச் சரக்கு ஏற்றும் கப்பலில், செகண்ட் மேட் என்ற அதிகாரி. கப்பல் எந்தக் கோட்டில் போகவேண்டும் என்று பேசேஜ் பிளான் போடுவது செகண்ட் மேட் வேலை. சிங்கப்பூரிலிருந்து சூயஸ் பக்கமோ வளைகுடா பக்கமோ போகிற கப்பல் எல்லாம் மலாக்கா நீரிணையை விட்டு வெளியே வந்ததும் நேராக இலங்கையின் தெற்கு முனைக்குத்தான் கோடு போடும். "பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை" என்பார்களே, அந்தத் தேவேந்திரமுனை. எங்கள் சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) டோண்ட்ரா ஹெட். உலகிலேயே நெரிசலான கடல்பாதைகளில் ஒன்று. அங்கே டிராஃபிக் செபரேஷன் ஸ்கீம் உண்டு, சுருக்கமாக டிஎஸ்எஸ். கிழக்கே போகிறவர்களுக்கு ஒரு லேன், மேற்கே போகிறவர்களுக்கு ஒரு லேன், நடுவே யாரும் போகக்கூடாத பட்டை. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் போட்டது, அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. போட்ட காலத்தில் திமிங்கிலத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இலங்கையின் தெற்கே கண்டத்திட்டு ரொம்பக் குறுகல். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே ஆயிரம் மீட்டர் ஆழம் வந்துவிடும். அந்தச் சரிவில்தான் இரை திரளும். மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலம் கிரில் என்ற இறால்போன்ற சிற்றுயிரைத் தின்னும், இங்கே பெரும்பாலும் செர்ஜெஸ்டிட் என்ற சின்ன இறால் வகையைத் தின்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னொன்று, மற்ற நீலத் திமிங்கிலங்கள்போல் இவை துருவத்துக்குப் போய் வருவதில்லை. வருடம் முழுக்க இந்த வெப்பக்கடலிலேயே கிடக்கும் தனி வகை. ஆக, அது சாப்பிடும் இடமும் எங்கள் லேனும் ஒன்றே.

"பார்த்து ஓட்டக்கூடாதா" என்று கரையில் இருப்பவர்கள் கேட்பார்கள். என் கப்பலில் பிரிட்ஜ், அதாவது நாங்கள் நின்று ஓட்டும் அறை, பின்பக்கம் இருக்கிறது, மூக்கு இருநூறு மீட்டருக்கும் மேல் முன்னால். மூக்குக்கு முன்னே ஐந்நூறு மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. சரக்கேற்றிய கப்பலை நிறுத்த மைல் கணக்கில் தூரம் வேண்டும். ராத்திரியில் ஒன்றுமே தெரியாது, திமிங்கிலம் மேல்மட்டத்தில் அதிகம் இருப்பதோ ராத்திரியில். அது விலகிப்போகுமே என்று நினைக்கவேண்டாம். கலிபோர்னியாவில் கருவி பொருத்திப் பார்த்தபோது, கப்பல் நெருங்கினால் நீலத் திமிங்கிலம் பக்கவாட்டில் விலகவில்லை, மெதுவாகக் கொஞ்சம் கீழே இறங்கியது, அவ்வளவே. கப்பல் அளவுக்குப் பெரியது எதுவும் அதற்கு முன்னால் கடலில் இருந்ததில்லை, கப்பலுக்குப் பயப்படத் தெரியவில்லை போல. இடித்தாலும் எங்களுக்குத் தெரியாது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் மூக்கில் செத்த நீலத் திமிங்கிலம் மடிந்து கிடந்தது. துறைமுகத்தில்தான் பார்த்தார்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. திமிங்கில ஆணையம் 1946இல் வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து வந்தது. அது வேட்டையை ஒழுங்குபடுத்தப் போட்ட ஒப்பந்தம். சீஷெல்ஸ் முன்மொழிந்து 1979இல் வந்த இந்தியப் பெருங்கடல் சரணாலயமும் அப்படித்தான், வணிக வேட்டை கூடாது என்று மட்டும் சொல்கிறது. அதற்கும் தேவை இருந்தது, அதை மறுக்கவில்லை. 1963க்கும் 1966க்கும் இடையில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்த வட இந்தியப் பெருங்கடலில் சுமார் 1,300 நீலத் திமிங்கிலங்களைத் திருட்டுத்தனமாகக் கொன்றன. சோவியத் யூனியன் உடைந்த பிறகே உண்மைக் கணக்கு வெளியே வந்தது. இப்போது தேவேந்திரமுனையில் இருப்பவை அதில் மிஞ்சியவற்றின் பிள்ளைகள். கப்பல் இடித்த சம்பவங்களை ஆணையம் பதிவேட்டில் சேர்க்கிறது, ஆலோசனை சொல்கிறது. ஆனால் எந்தக் கேப்டனுக்கும் அது உத்தரவு போட முடியாது.

லேனை நகர்த்தும் அதிகாரம் லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்புக்கு, ஐஎம்ஓவுக்கு. அதுவும் தானாகச் செய்யாது. கரையோர நாடு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். 2003இல் கனடா கேட்டது, ஃபண்டி விரிகுடாவில் லேனை நகர்த்தினார்கள். திமிங்கிலத்துக்காக ஐஎம்ஓ லேனை மாற்றியது அதுதான் முதல்முறை. பனாமா கேட்டது, 2014 டிசம்பரிலிருந்து பசிபிக் பக்கம் புது லேன் வந்தது, ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை 10 நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகவேண்டாம் என்ற பரிந்துரையோடு. பனாமா ஒன்றும் பெரிய நாடு இல்லை.

இலங்கைக்காக ஆய்வு ஏற்கெனவே தயார். ருஹுணு பல்கலைக்கழக ஆட்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2014-15இல் கடலில் போய் எண்ணி 2016இல் வெளியிட்டார்கள்: லேனை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும். நானும் ஒரு வாட்சில் (பிரிட்ஜில் நிற்கும் பணிமுறையில்) சும்மா சார்ட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். மலாக்காவிலிருந்து லட்சத்தீவின் மினிக்காய் பக்கம் போகிற கப்பலுக்குக் கூடுதலாக வருவது நாலைந்து மைல். 15 நாட் வேகத்தில் இருபது நிமிடம். சூயஸில் நாங்கள் சும்மா காத்துக் கிடக்கிற நேரத்தில் இது ஒரு டீ குடிக்கிற நேரம்.

நிறுவனம் மாற்றியது உண்மை. எம்எஸ்சி, உலகின் மிகப்பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம், 2022 நடுவிலிருந்து தன் கப்பல்களைத் தெற்கே அனுப்புகிறது. டிஎஸ்எஸ் இருக்கும்போது வெளியே போகலாமா என்றால், போகலாம். மோதல் தடுப்பு விதி பத்தில், டிஎஸ்எஸ்ஸைப் பயன்படுத்தாத கப்பல் அதைவிட்டு நன்றாக விலகிப் போகவேண்டும் என்றுதான் இருக்கிறது.

காலித்துறை

நான் காலியில் கப்பல் முகவர் தொழிலில் இருக்கிறேன். செகண்ட்மேட் அண்ணா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, கரையிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. காலிக்கு வெளியே கப்பல் வேகம் குறைத்தால் எங்கள் லாஞ்ச் (சின்ன விசைப்படகு) போய் ஆள் மாற்றும், தண்ணீர், மளிகை, உதிரிப்பாகம் கொடுக்கும். கடற்கொள்ளைக் காலத்தில் ஆயுதக் காவலர்கள் ஏறி இறங்கியதும் இங்கேதான். பாதை 15 மைல் தள்ளிப் போனால் லாஞ்சும் அவ்வளவு தூரம் போகவேண்டும், தென்மேற்குப் பருவக்காற்றில் அது விளையாட்டில்லை. கப்பல்காரன் "எதற்கு இந்தத் தொல்லை" என்று சிங்கப்பூரிலோ அமீரகத்துப் புஜைராவிலோ வேலையை முடித்துக்கொள்வான். நாடு இருக்கிற நிலையில் ஒவ்வொரு டொலரும் எங்களுக்குக் கணக்கு.

இன்னொன்று, வருடத்துக்கு எத்தனை திமிங்கிலம் கப்பல் இடித்துச் சாகிறது என்று யாராவது சரியாகச் சொல்லமுடியுமா?

செகண்ட்மேட்_தூத்துக்குடி

காலித்துறை அண்ணாச்சி, உங்கள் லாஞ்சில் எங்கள் ஆட்களும் ஏறி இறங்கியிருக்கிறார்கள், அதனால் உங்கள் கவலையை லேசாக எடுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். காலியில் வேலை இருக்கிற கப்பல் எப்படியும் லேனை விட்டு வெளியே வந்து, வேகம் குறைத்து, உங்களிடம் வரத்தான் போகிறது. இப்போதும் அப்படித்தானே செய்கிறோம்? ஏஜென்ட், விலை, ஆள் மாற்ற அனுமதி கிடைக்கும் வேகம், இதை வைத்துத்தான் ஆபீஸில் காலியா சிங்கப்பூரா என்று முடிவெடுப்பார்கள். 15 மைலுக்காகத் திட்டத்தை மாற்றிய கம்பெனியை நான் பார்த்ததில்லை. இலங்கைத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் மட்டும் உள்ளே மெதுவாக வரட்டும், சும்மா கடந்து போகிற கூட்டம் வெளியே போகட்டும் என்றே கேட்கிறார்கள். சும்மா கடந்து போகிறவன் உங்களுக்கு ஒரு டாலரும் தருவதில்லை.

எண்ணிக்கை கேட்டீர்கள். கரையில் ஒதுங்குவதையும் மூக்கில் மாட்டிக்கொண்டு வருவதையும்தான் எண்ணமுடியும். பெரும்பாலானவை செத்ததும் மூழ்கிவிடும், அங்கே ஆழம் வேறு அதிகம். பிணம் கிடைக்கவில்லை என்பதற்காகச் சாவே இல்லை என்று எழுதிவிட முடியாதல்லவா. கரையொதுங்கிய நீலத் திமிங்கிலங்களில் முதுகெலும்பு நொறுங்கியவையும் புரொப்பெல்லர் வெட்டு உள்ளவையும் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன. மெதுவாகப் பெருகுகிற பிராணி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி. நாலைந்து தாய் செத்தாலே கணக்கு மாறும்.

லேன் நகர்ந்தால் இன்னொரு லாபமும் உண்டு, அதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்று தெரியவில்லை. சகோதரியின் படகுக்காரர் சொன்னாரே, ராத்திரி பயம் என்று. எங்களுக்கும் அங்கே அதே பயம்தான். தேவேந்திரமுனையை இரவில் கடக்கும்போது சின்னச் சின்ன விளக்காகப் படகுகள், சிலவற்றில் விளக்கே இருக்காது, ரேடாரில் அலையோடு கலந்துவிடும். வாட்சில் இருப்பவனுக்குக் கை வேர்க்கும். கேப்டன் நைட் ஆர்டரில் "சந்தேகம் வந்தால் உடனே எழுப்பு" என்று தனியாக அடிக்கோடு போட்டு எழுதுகிற இடம் அது. பெரிய கப்பல்கள் தெற்கே போனால் அந்த மீனவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அதற்காக எல்லாக் கம்பெனியும் எம்எஸ்சி போல் செய்யட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. என் கேப்டனிடம் கேட்டேன், தெற்கே போட்டுக்கொள்ளட்டுமா என்று. "அதிகாரப்பூர்வ லேன் இருக்கும்போது வெளியே போய் ஏதாவது ஆனால் விசாரணையில் நான் என்ன சொல்வது? சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) எரிபொருளுக்கு விளக்கம் கேட்டால் யார் பதில் எழுதுவது?" என்றார். நல்ல மனுஷன், திமிங்கிலத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. சார்ட்டில் லேன் எங்கே இருக்கிறதோ அங்கே போவார். நானும் அப்படித்தான். அதனால்தான் சொல்கிறேன், சார்ட்டிலேயே மாற்றுங்கள். கப்பல் முதலாளிகளின் சங்கங்களே இதற்குச் சம்மதம் சொல்லிவிட்டன. வரவேண்டியது கொழும்பிலிருந்து ஒரு விண்ணப்பம்.

சலாலாவில்_ஒருவன்

ஓமானில் துறைமுக வேலை. கப்பலைப் பற்றியே பேசுகிறீர்கள், வலையை மறந்துவிட்டீர்கள். இந்தக் கடலில் கூனல் திமிங்கிலங்கள் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. இவையும் எங்கேயும் வலசை போகாமல் அரபிக்கடலிலேயே வாழ்பவை. ஓமான் கரையில் நூறுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இங்கேயும் அதே சோவியத் ஆட்கள்தான், 1965-66இல் 242ஐக் கொன்றார்கள். குஜராத், பாகிஸ்தான் கரையோரங்களில் மிச்சக் கூட்டத்துக்குச் செவுள்வலைதான் பெரிய எமன். உலகம் முழுக்க வருடத்துக்கு மூன்று லட்சம் திமிங்கிலமும் ஓங்கலும் வலையில் சிக்கிச் சாகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

வட அட்லாண்டிக் வலத் திமிங்கிலத்தை (ரைட் வேல்) பாருங்கள். அமெரிக்காக்காரன் 2008லேயே கிழக்குக் கரையில் 65 அடிக்கு மேற்பட்ட கப்பலுக்கு 10 நாட் வேக வரம்பு போட்டான். பிறகும் 2017இல் ஒரே வருடத்தில் கனடாவும் அமெரிக்காவும் சேர்த்து 17 செத்துக் கிடந்தன. அவற்றின் இரை வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு நகர்ந்துவிட்டது, திமிங்கிலமும் பின்னால் போனது, அங்கே வேக வரம்பும் இல்லை, நண்டுக் கூட்டுக் கயிறுகளோ ஏராளம். கனடா அவசரமாக வேக வரம்பு போட்டது, திமிங்கிலம் தென்பட்ட இடங்களில் நண்டு பிடிப்பை நிறுத்தியது. இன்றைக்கு மொத்தமே நானூறுக்கும் குறைவுதான்.

நான் சொல்ல வருவது, சார்ட்டில் ஒருமுறை கோட்டை மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று உட்காரமுடியாது. இரை நகர்ந்தால் திமிங்கிலமும் நகரும்.

செகண்ட்மேட்_தூத்துக்குடி

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் 15 மைல் என்பதோடு தொடர்ந்து எண்ணவும் வேண்டும். ஆனால் தேவேந்திரமுனையில் அந்தச் சரிவு நகராது, பல வருடமாக அங்கேயே பார்க்கிறார்கள். வலைப் பிரச்சினை இதைவிடக் கஷ்டம், அதிலே ஒவ்வொரு முடிவும் ஒரு மீனவர் வீட்டு அடுப்பைத் தொடும். கப்பல் பாதையில் அந்தச் சங்கடம் இல்லை. சுலபமானதையே செய்யாமல் இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

அலைமகள்_மட்டு

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. செகண்ட்மேட் அண்ணா, இரண்டு சின்னக் கேள்வி. லேன் மாறும்வரை வேகத்தையாவது குறைக்கச் சொன்னால் என்ன? மற்றது, நாங்கள் போன படகே திமிங்கிலத்துக்கு ரொம்பக் கிட்டப் போனது, நாலைந்து படகு சுற்றி நின்றது. அதுவும் தொந்தரவுதானே?

செகண்ட்மேட்_தூத்துக்குடி

வேகம் குறைத்தால் பலன் உண்டு. 15 நாட்டில் இடித்தால் பெரும்பாலும் சாவு, 10 நாட்டில் பிழைக்க வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. ஆனால் தேவேந்திரமுனையில் நான் பத்துக்குக் குறைத்து, பின்னால் வருகிற கொள்கலன் கப்பல் 18இல் வந்தால் அது வேறு ஆபத்து. எல்லோரும் சேர்ந்து குறைத்தால்தான் சரி. அந்த ஆய்வாளர்களும் இந்த இடத்துக்கு லேனை நகர்த்துவதையே முதலில் வைக்கிறார்கள்.

படகு விஷயம், ஆமாம், தொந்தரவுதான். உங்கள் நாட்டு விதியிலேயே நூறு மீட்டருக்குள் போகக்கூடாது என்று இருக்கிறது. அடுத்தமுறை ஏறுவதற்கு முன்னால் "எவ்வளவு கிட்டப் போவீர்கள்" என்று கேளுங்கள். "தொடுகிற தூரம் காட்டுகிறேன்" என்பவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

பிறகு, கப்பல் நடமாட்டம் காட்டும் மரைன்டிராஃபிக் தளம் போனிலேயே இலவசமாகத் திறக்கும். தேவேந்திரமுனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையை ஒட்டி இரண்டு வரிசையாகப் போகிற கூட்டம் தெரியும். இன்னும் கீழே தெற்கில் தனியாகப் போகிற ஒன்றிரண்டைத் தொட்டு, பெயர் எம்எஸ்சி என்று தொடங்குகிறதா பாருங்கள்.